மஞ்சள் குடைக்காரி என்று யாரும் இல்லை

என் சேகர் அண்ணனுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருசமாகிறது. நல்ல சேதி ஏதாவது வந்தால் எழுதலாம் என்று காத்திருந்தேன். இப்போது வந்திருப்பது நல்ல சேதியா, கெட்ட சேதியா என்று எனக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதும்போதுகூட எழுதின வரியையே திரும்ப எழுதுகிறேன். பிள்ளைகள் கவனித்துவிட்டார்கள்.

உங்கள் பாட்டு பெரிய பாட்டாகிவிட்டது அண்ணே. 'இன்னும் ஒரு வளைவு'தான். சென்னையில் யாரோ ஒரு வாலிபர் கிட்டாரை வைத்துக்கொண்டு அதைப் பாடி இணையத்தில் போட்டார். அவ்வளவுதான். கந்தப்பளையில் மரக்கறிக் கடையில் கேட்கிறது, ஆட்டோவில் கேட்கிறது. நுவரெலியா பஸ்ஸில் சிங்களக் கண்டக்டர் ஒருவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே அதை முணுமுணுத்தார். அந்த வாலிபர் நாணயமான ஆள். 'பாடலும் இசையும்: வட்டகொடை சேகர்' என்று கீழே போட்டிருந்தார். அந்த வரியைப் பார்த்து அன்றைக்கு அழுதேன். இப்போது அதே வரி வந்தால் கண்ணைத் திருப்பிக்கொள்கிறேன்.

கொழும்பிலிருந்து ஒரு தொலைக்காட்சிக்காரப் பெண் பேசினாள். பெயர் ஹம்சா. பாட்டுகள் பிறந்த கதையைச் சொல்லும் நிகழ்ச்சியாம். சனிக்கிழமை கேமராவோடு வருவதாகச் சொன்னாள். மஞ்சள் குடைக் கதையை என் வாயால், அந்த பஸ் நிறுத்தத்திலேயே நின்று சொல்ல வேண்டும் என்றாள். நான் சரி என்றேன்.

அந்தக் கதை நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மழையில் வட்டகொடைச் சந்தியில் மஞ்சள் குடை பிடித்து ஒரு பெண் நின்றாளாம். அவளுக்கும் சேகருக்கும் காதலாம். வேறொருவனுக்குக் கட்டிக்கொடுக்க அவளை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார்களாம். அந்த பஸ் வளைவில் மறையும்வரை நின்று பார்த்துவிட்டு சேகர் எழுதிய பாட்டாம் இது. அந்தச் சந்திக்கே 'குடை ஸ்டாண்ட்' என்று பேராகிவிட்டது. கல்யாணம் முடித்த ஜோடிகள் அங்கே போய் மஞ்சள் குடை பிடித்துப் படம் எடுக்கிறார்கள்.

அந்தக் கதையை உண்டாக்கியது நான்தான் என்று உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

நான் ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு வாரப் பத்திரிகைக்காரர் வீடு தேடி வந்தார். நீங்கள் ஒரு கல்யாண வீட்டுக்கு மைக் கட்டிப் பாடப் போயிருந்தீர்கள். பாட்டு எப்படிப் பிறந்தது என்று அவர் கேட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு என்னவோ வெட்கமாக இருந்தது. கதவுக்குப் பின்னால் அம்மா கோயிலுக்குக் கொண்டுபோகும் மஞ்சள் குடை தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே அளந்துவிட்டேன். அடுத்த வாரம் பத்திரிகையைப் படித்துவிட்டு நீங்கள் இருமல் வரும்வரை சிரித்தீர்கள். பாட்டுக்கு ஒரு கதை இருந்தால் நல்லதுதானே என்றீர்கள். பிறகு மேடையில் நீங்களே சொல்ல ஆரம்பித்தீர்கள். முதலில் குடை மட்டும்தான் இருந்தது. அப்புறம் ஒரு கடிதம் சேர்ந்தது. அப்புறம் ஒரு கைக்குட்டை.

உண்மையில் நடந்தது அதற்கு நான்கு வருசம் முந்தி. உங்களுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினாலு. டயகமையில் பெரியம்மா மகளின் கல்யாணம் முடிந்து காலை பஸ்ஸில் திரும்பினோம். எங்களுக்கு முன் சீட்டில் ஒரு அம்மா. மடியில் துவாயில் சுற்றிய பெண்பிள்ளை, ஐந்து வயது இருக்கும். காய்ச்சல் அனலாக அடித்திருக்க வேண்டும், கண்ணே திறக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பிள்ளை வாந்தி எடுக்கப் பார்த்தது. அந்த அம்மா முதுகைத் தடவிக்கொண்டே மெல்லப் பாடினார்.

'இன்னும் ஒரு வளைவுதான் கண்ணு, அதுக்கப்புறம் நேர் ரோடு. மடியில சாஞ்சுக்க கண்ணு, மலை தானா நவுந்துரும்.'

வளைவுக்கு வளைவு ஒரு வரி கட்டினார். மாதா சுரூபம் இருக்கும் வளைவுக்கு ஒன்று, பீலித் தண்ணி கொட்டும் வளைவுக்கு ஒன்று, கொய்யா மரத்து வளைவுக்கு ஒன்று. நேர் ரோடு வரவே இல்லை. இருந்தும் பாடினார். நீங்கள் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டீர்கள். தலவாக்கலையில் நாம் இறங்கினோம். பஸ் அந்த அம்மாவையும் பிள்ளையையும் கொண்டு நுவரெலியாவுக்குப் போனது. ஒரு வாரத்தில் பாட்டு தயார். 'கண்ணு' என்பதைப் 'பொண்ணே' என்று மாற்றினீர்கள். 'மடி'யைத் 'தோள்' ஆக்கினீர்கள். கடைசிச் சரணம் மட்டும் முழுக்க உங்களுடையது.

அந்த அம்மா யார் என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளை பிழைத்ததா என்றுகூட நாம் பேசிக்கொண்டதில்லையே அண்ணே. எப்படி இருந்தோம் அப்படி?

ஹம்சா பேசிய மறுநாள், அந்தச் சென்னை வாலிபரின் பாட்டுக்குக் கீழே ஆட்கள் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பாராட்டு. நடுவில் பவானி என்று ஒருத்தி எழுதியிருந்தாள்: 'இது எங்கம்மா பாட்டு. எனக்கு அஞ்சு வயசுல காய்ச்சல் வந்து டயகமயில இருந்து நுவரெலியாவுக்கு பஸ்ல கொண்டுபோனப்ப பாடுனது. குடையெல்லாம் கெடயாது.'

பிள்ளை பிழைத்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. சத்தியமாக அதுதான் முதலில். அடுத்த நொடியே பயம் வந்துவிட்டது. அவளுக்குக் கீழே ஆட்கள் கேலி எழுதியிருந்தார்கள். இனிமேல் ஆளுக்கொரு அம்மா வருவார்கள் என்று ஒருவர். அடுத்தவன் பாட்டுக்குச் சொந்தம் கொண்டாட வெட்கமில்லையா என்று இன்னொருவர். செத்துப்போன கலைஞனைக் கேவலப்படுத்தாதே என்று, உங்கள் மேல் உள்ள பாசத்தில், நமக்குத் தெரிந்த ஆளே எழுதியிருந்தார். அவள் யாருக்கும் பதில் எழுதவில்லை.

ஹம்சாவும் அதைப் பார்த்திருக்கிறாள். திரும்பவும் பேசினாள். பிரபலமான பாட்டுக்கு இப்படி யாராவது கிளம்புவது வழக்கம்தானே டீச்சர் என்றாள். வழக்கம்தான் என்று நானும் சொன்னேன். முதல் பொய்யைப் பதினெட்டு வயதில் விளையாட்டாகச் சொன்னேன். இந்தப் பொய்யை நாற்பது வயதில், தெரிந்தே சொன்னேன்.

வட்டகொடைக்குப் போய் அண்ணியிடம் முதலில் சொன்னேன். அண்ணி முற்றத்தில் உட்கார்ந்து கறிக்கு லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். பஸ், அந்த அம்மா, பிள்ளை, நம் அம்மாவின் குடை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கத்தி நின்றுவிட்டது.

"அப்ப அப்படி ஒரு பொண்ணே இல்லையா, லில்லி?"

"இல்லண்ணி."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து, கோயிலுக்கு வர்ற ஒவ்வொரு பொம்பள கையிலயும் குடையப் பாத்தேன். அவருகிட்ட ஒருநாளும் கேக்கல. கேட்டா ஆமான்னு சொல்லிருவாரோன்னு பயம்."

திரும்ப லீக்ஸை நறுக்கத் தொடங்கினார். அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணி தரவில்லை. நானும் கேட்கவில்லை. பதினாறு வருசம் ஒரே வீட்டில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே? மேடையில் சொன்ன கதை வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாதா?

மணி அண்ணனிடமும் சொன்னேன். உங்களோடு கடைசிவரை டிரம்ஸ் வாசித்தவர், தெரியாமல் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். ஃபோனில் மெதுவாகத்தான் சொன்னார். "சேகருக்குன்னு இருக்கறது அந்த ஒரு பாட்டுதான். அதையும் நீ புடுங்கிக் குடுத்துட்டா அவன் யாரு லில்லி? கல்யாண வீட்டுல சினிமாப் பாட்டுப் பாடுன ஆளு, அவ்வளவுதான."

அந்தக் கேள்வியோடுதான் அன்றைக்கு ஃபோனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு டயகமைக்குப் புறப்பட்டேன். பவானிக்கு முந்தின நாளே எழுதிக் கேட்டிருந்தேன். வாங்க என்று ஒரே வார்த்தைதான் பதில் வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இறங்கித் திரும்பிவிடலாமா என்று லிந்துலையில் ஒரு தடவை, அக்கரப்பத்தனையில் ஒரு தடவை எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்த அம்மா, தலை சுற்றுகிறதா மகளே என்று கேட்டார்.

தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு மேலே, வரிசை வீடுகளில் மூன்றாவது லயம். பவானி வாசலில் நின்றாள். மெலிந்த பெண், ஃபார்மசியில் வேலை செய்கிறாளாம். என்னைப் பார்த்ததும், கேமரா எங்கே என்று கேட்டாள். அவளை மிரட்ட ஆள் கூட்டி வந்திருக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. நான் தனியாகத்தான் வந்தேன் என்றேன். அன்றைக்கு பஸ்ஸில் உங்களுக்குப் பின்சீட்டில் இருந்தேன் என்றும் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. உள்ளே திரும்பி, "அம்மா, நாம பொய் சொல்லல. இவங்களும் அந்த பஸ்ல இருந்திருக்காங்க" என்றாள்.

அந்த அம்மாவின் பெயர் ராசம்மா. தோட்ட வேலையிலிருந்து நின்றுவிட்டார், முழங்கால் வலி. நான் கும்பிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு நிதானமாகக் கேட்டார். "சேகர் தம்பி அனுப்பிச்சாரா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் இறந்துவிட்டார் என்றேன். தெரியும் என்றார். சாவதற்கு முந்தி சொல்லி அனுப்பினாரா என்றுதான் கேட்டேன் என்றார்.

அப்புறம்தான் சொன்னார் அண்ணே. மூன்று வருசத்துக்கு முந்தி பவானியின் கல்யாணத்தில் பாட வந்தது நீங்கள்தானாம். மைக்கில் குடைக் கதையைச் சொல்லிவிட்டு அந்தப் பாட்டைப் பாடினீர்களாம். ராசம்மா சமையல் கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டாராம். அதற்கு முன்னும் எத்தனையோ தடவை லவுட்ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறார். இப்படி ஒரு பாட்டு எந்தத் தாய்க்கும் வருவதுதானே, வேறு யாரோவும் பாடியிருப்பார்கள் என்று விட்டுவிட்டாராம். அன்றைக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாடு வைக்கும்போது உங்களிடமே கேட்டிருக்கிறார், இந்தப் பாட்டை எங்கே கற்றீர்கள் என்று.

"தம்பி சோத்துல கை வச்சபடியே இருந்துச்சு. அப்புறம், ஒரு பஸ்ல கேட்டதும்மான்னு சொல்லுச்சு. பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுச்சு. நான் மணவறைய காட்டுனேன். எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிருச்சு, சாப்பிடவே இல்ல."

போகும்போது ராசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சரி பண்ணுகிறேன் என்றீர்களாம். தலவாக்கலைக்கு அப்புறம் என்ன பாடினீர்கள் என்று தெரியாமல் கடைசிச் சரணத்தை நானாக இட்டுக்கட்டினேன், ஒருநாள் வந்து கேட்டுக்கொள்கிறேன் என்றீர்களாம். "வர்றேன்னுட்டுப் போச்சு. வரல" என்றார் ராசம்மா. குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. மழை வரவில்லை என்பதைப் போலச் சொன்னார். யாருக்கும் சொல்லி ஆவது என்ன என்று மகளிடம்கூட அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். பவானியே நான் போன அன்றைக்குத்தான் அதைக் கேள்விப்பட்டாள்.

நீங்கள் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கல்யாணம் முடிந்த மாதம்தான் கால் வீங்கத் தொடங்கியது. அதற்கப்புறம் வார்டுதான், வீடுதான், வார்டுதான். கட்டிலில் படுத்துக்கொண்டு, டயகமைக்கு ஒரு தடவை போகணும் லில்லி என்று இரண்டு மூன்று நாள் சொன்னீர்கள். நான் பெரியம்மா வீட்டு நினைப்பு என்று எடுத்துக்கொண்டேன். குணமானதும் போகலாம் என்று தலையணையைச் சரிசெய்தேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா? கேட்காமல் விட்டேன்.

அந்தக் கடைசி வரிகளை நான் கேட்டேன் அண்ணே. ராசம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பாடினார். 'ஆஸ்பத்திரி வாசலிலே ஆனைக்குட்டி நிக்குது கண்ணு, ஒன்னப் பாக்காமப் போமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்குது கண்ணு.' இதுதான் தலவாக்கலைக்கு அப்புறம் வந்தது. இறங்கினதும் அந்தக் காய்ச்சலிலும் ஆனையைத்தான் தேடினேன் என்றாள் பவானி. குளிக்கப் போயிருக்கிறது, ஊசி போட்டதும் வந்துவிடும் என்று அம்மா சொன்னாராம். ஊசிக்கு அழவே இல்லையாம். "இவங்க அண்ணன் தோளுல சாஞ்சுக்கன்னு மாத்திட்டாரு. தோளுல சாஞ்சா வாந்தி நிக்குமா?" என்று ராசம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன் என்று நினைக்கிறேன், பவானி தண்ணி கொண்டுவந்தாள்.

சனிக்கிழமை ஹம்சா வந்தாள். மஞ்சள் குடையே வாங்கி வந்திருந்தாள். சந்தியில் என்னை நிறுத்தி, சட்டையில் மைக்கைக் குத்தினார்கள். நான் அந்தக் குடையை வாங்கவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது வேறு என்றேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பத்திரிகைக்காரரிடம் நான் அளந்ததிலிருந்து உங்கள் சாப்பாட்டு இலைவரை எல்லாவற்றையும் சொன்னேன். முந்தின வாரம் அவளிடமே பொய் சொன்னதையும் சொன்னேன். சந்தியில் நம் ஆட்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் தலையை ஆட்டிவிட்டு அங்கிருந்து போனார்.

ஹம்சா நல்ல பெண். கோபப்படவில்லை. ஆனால் முகம் வெளுத்துப்போனது. தள்ளிப் போய்க் கொழும்புக்குப் பேசினாள், நெடுநேரம் பேசினாள். குடைக் கதை வரப்போகிறது என்று ஏற்கெனவே விளம்பரம் போட்டாகிவிட்டதாம். இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது உண்மை என்று நேயர்களிடம் விட்டுவிடலாமா என்று மேலிடம் கேட்கிறதாம். உண்மையை எப்படி நேயர்களிடம் விடுவது என்று கேட்டேன். அவள் ஃபோனைப் பைக்குள் போட்டாள். பிறகு, டயகமைக்கு எவ்வளவு நேரமாகும் டீச்சர் என்றாள்.

ராசம்மா கேமராவைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடினார், பவானி பக்கத்தில் இருந்தாள். முழுப் பாட்டும் பாடினார், ஒரு வளைவு விடாமல். படம் பிடித்த ஆள் சிங்களவர். முடிந்ததும் கேமராவை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை புரிந்திருக்காது அவருக்கு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அது ஒளிபரப்பாகும். எதை வெட்டுவார்கள், எதை விடுவார்கள் என்று ஹம்சாவாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு அதே நினைப்புதான். உங்களைத் திருடன் என்று எழுதுவார்களோ? பவானியைக் கேலி செய்த அதே ஆட்கள் நாளைக்கு உங்களைக் கேலி செய்வார்களோ? உங்கள் படத்தைக் கோயில் மண்டபத்துச் சுவரிலிருந்து எடுத்துவிடுவார்களோ? மணி அண்ணன் என்னைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போகிறார். நீங்களும் அப்படிப் போவீர்களோ என்று ஒரு நிமிசம் தோன்றிவிட்டது. அப்புறம் உங்களுடைய அந்தக் கை வைத்த சோற்றை நினைத்துக்கொண்டேன்.

நேற்று அண்ணி பேசினார். ராசம்மாவைப் பார்க்க வேண்டும், கூட்டிக்கொண்டு போவாயா என்று கேட்டார். ஃபோனை வைக்கப் போனவர், அந்தக் கடைசி வரிகளை ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

மணி அண்ணன் கேட்டதற்குப் பதில் தேடிக்கொண்டே இருக்கிறேன். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஒரு தாய் பாடினதைக் கேட்டு, அதை விடாமல் பிடித்து, இருபத்திநாலு வருசம் காற்றில் வைத்திருந்தவர் ஒருவர் இருக்கிறார். நீங்கள் இல்லாவிட்டால் அது அந்த பஸ்ஸோடு போயிருக்கும். இது போதுமா என்று தெரியவில்லை. என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

தொலைக்காட்சிக்காரர்கள் எதை வெட்டினாலும் வெட்டட்டும். நான் குடைக் கதையைச் சொன்ன ஒவ்வொரு இடத்துக்கும் திரும்பப் போவேன். பள்ளிக்கூடம், கோயில், அந்தப் பத்திரிகை அலுவலகம், எங்கே போக வேண்டுமோ அங்கெல்லாம் போய் என் வாயாலேயே மாற்றிச் சொல்வேன். சென்னை வாலிபருக்கும் எழுதிவிட்டேன். இனி அந்தப் பாட்டு எங்கே வந்தாலும் ராசம்மா பெயர் முதலில் வரும், உங்கள் பெயர் இரண்டாவதாக வரும். இரண்டாவதாக வந்தாலும் அண்ணே, அதை நான் தலைகுனியாமல் சொல்வேன். இது சத்தியம்.

உங்களுக்குப் பின்னால் பிறந்த ஒரே தங்கச்சி,
லில்லி